பழைய தண்ணீர்த் தொட்டி: பழுது பார்ப்பதா, மாற்றுவதா, அகற்றுவதா?

வீட்டைக் கட்டிப் பார் என்றனர் நம் முன்னோர். கட்டிய வீட்டைக் காத்துப் பார் என்றும் அவர்கள் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். கட்டும் கவலைக்கு ஒருநாள் முடிவு உண்டு. புதுமனை புகுவிழாவோடு அது தீர்ந்துவிடுகிறது. காக்கும் கடமைக்கோ முடிவே இல்லை. அதிலும் நம் கண்ணில் நாள்தோறும் படுகின்ற தரை, சுவர், கதவு, சன்னல் ஆகியவற்றை ஓரளவு கவனித்துக்கொள்ளும் நாம், கண்ணுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும் ஒன்றை முற்றிலும் மறந்துவிடுகிறோம். மொட்டை மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியே அது.

1970-களிலும் 1980-களிலும் நம் ஊர்களில் மாடி வீடுகள் பெருகின. கிணற்றடியில் நீர் இறைத்த காலம் போய், மின்சார மோட்டாரும் குழாய்களும் வீட்டுக்குள் வந்தன. குளியலறையின் மேலோ, மாடிப்படிக் கூண்டின் மேலோ, செங்கல்லால் அல்லது கான்கிரீட்டால் ஒரு தொட்டி எழுப்பப்பட்டது. அத்தொட்டிகளுக்கு இன்று நாற்பது, ஐம்பது வயது. சிலவற்றில் விரிசல், சிலவற்றில் கசிவு, சிலவற்றின் அடியில் துருப்பிடித்த கம்பிகள் வெளியே எட்டிப் பார்க்கின்றன. இவற்றை என்ன செய்வது என்ற கேள்வி பல குடும்பங்களில் எழுந்து, விடை காணாமலே நின்றுவிடுகிறது. அக்கேள்வியை முறையாக ஆராய்ந்து பார்ப்போம்.

நான்காவது வழி

நம் முன் இருப்பவை மூன்று வழிகள். தொட்டியைப் பழுது பார்த்துத் தொடர்ந்து பயன்படுத்தலாம். அதற்குப் பதிலாகப் புதிய தொட்டி வைக்கலாம். அல்லது அதனை அடியோடு அகற்றிவிடலாம். மூன்றும் தக்க இடத்தில் நல்ல வழிகளே. ஆனால் நம்மில் பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது நான்காவது வழியை. "அடுத்த மாதம் பார்க்கலாம்", "தம்பி ஊரிலிருந்து வரட்டும்", "மழைக்காலம் முடியட்டும்" என்று தள்ளிப்போடுவதே அந்த வழி. அதுவும் ஒரு முடிவுதான் என்பதை நாம் உணர்வதில்லை. நாம் முடிவெடுக்காமல் இருக்கும் நாள்களிலும் நீர் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது.

தள்ளிப்போடுவதன் விலை என்ன என்பதைத் தமிழகம் கண்டிருக்கிறது. 2021 டிசம்பரில் திருநெல்வேலிப் பள்ளி ஒன்றில் கழிவறைச் சுவர் இடிந்து விழுந்து மாணவர் மூவர் உயிரிழந்தனர். அதன் பின்னரே மாநிலமெங்கும் பள்ளிகளின் பழைய கட்டடங்களை ஆய்ந்து, பாழடைந்தவற்றை இடிக்க அரசு ஆணையிட்டது. பள்ளிகளுக்கு ஆய்வு செய்ய அதிகாரிகள் வந்தனர். நம் வீட்டு மாடிக்கு யார் வருவார்? அங்கே ஆய்வாளரும் நாமே, ஆணையிட வேண்டியவரும் நாமே.

தலைக்கு மேல் எவ்வளவு பாரம்?

முதலில் ஒரு சிறு கணக்குப் போடுவோம். உள்ளளவில் 2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் உள்ள தொட்டி நம் வீடுகளில் அரிதன்று. அதில் 3,000 லிட்டர் நீர் கொள்ளும். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. ஆகவே நீர் மட்டுமே 3 டன். கான்கிரீட்டோ கன மீட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை டன் எடையுள்ளது. 10 சென்டிமீட்டர் கனமுள்ள சுவர்கள், அதைவிடச் சற்றுத் தடித்த அடித்தளம், மூடி ஆகியவற்றைச் சேர்த்தால் தொட்டியின் எடை மேலும் ஏறக்குறைய 4 டன் ஆகும். ஆக, நீர் நிரம்பிய தொட்டி 7 டன் பாரம்!

இப்பாரத்தை இத்தனை ஆண்டுகளாகத் தாங்கி நிற்பவை அதன் அடியிலுள்ள சுவர்களும் உத்தரங்களும். அவற்றின் கீழ் யார் இருக்கிறார்கள்? குளிக்கப்போகும் குழந்தை இருக்கிறது. துணி துவைக்கும் தாய் இருக்கிறாள். பல வீடுகளில் வாடகைக்குக் குடியிருக்கும் வேறொரு குடும்பம் இருக்கிறது. ஆகவே தொட்டியைப் பற்றிய முடிவு கொத்தனாரின் கணக்கு மட்டுமன்று. கீழே வாழ்பவரின் பாதுகாப்பைப் பற்றிய முடிவுமாகும்.

துரு செய்யும் வேலை

கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி ஏன் உடனே துருப்பிடிப்பதில்லை? சிமெண்டின் காரத்தன்மை கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி அதனைக் காக்கிறது. ஆனால் காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல உட்புகுந்து அக்காரத்தன்மையைக் குறைத்துவிடுகிறது. விரிசல் வழியே நீரும் காற்றும் கம்பியை அடைகின்றன. துரு தொடங்குகிறது. துருவின் பருமன், அது தின்ற இரும்பின் பருமனைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். இடம் போதாமல் அது சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. பிளவு பெரிதாகவே இன்னும் மிகுதியான நீர் உள்ளே செல்கிறது. இவ்வாறு ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது.

தூத்துக்குடி, நாகப்பட்டினம், கன்னியாகுமரி போன்ற கடலோர ஊர்களில் இவ்வேலை இன்னும் விரைந்து நடைபெறும். கடற்காற்று கொண்டுவரும் உப்பு, கம்பியின் காப்பைக் காலத்துக்கு முன்பே குலைத்துவிடுகிறது. அன்று கலவை கலக்கும்போது உப்பு நீரோ கடல் மணலோ சேர்ந்திருந்தால் கேடு உள்ளிருந்தே தொடங்கியிருக்கும்.

பழைய கட்டடங்களின் தரத்தையும் நினைவிற்கொள்ள வேண்டும். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. அது 2000-ஆம் ஆண்டில் திருத்தப்பட்டபோதுதான் குறைந்தபட்ச வலிமை எம் 15 என்பதிலிருந்து எம் 20 ஆக உயர்ந்தது. நீர்த்தொட்டிகளுக்கென உள்ள ஐ.எஸ். 3370 விதியின் 2009-ஆம் ஆண்டுத் திருத்தமோ எம் 30 கேட்கிறது. சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பதே இவ்வெண்களின் பொருள். நம் பழைய தொட்டிகளில் பல, எவ்வித வரைபடமும் இன்றிக் கொத்தனாரின் அனுபவத்தைக் கொண்டே கட்டப்பட்டவை. அவை இத்தனை காலம் நின்றது அவருடைய கைத்திறனுக்குப் பெருமையே. ஆயினும் இனியும் நிற்கும் என்பதற்கு அது சான்றாகாது.

தோலில் நோயா, எலும்பில் நோயா?

மருத்துவர் முதலில் நோயின் இடத்தைக் காண்கிறார். பிறகே மருந்து தருகிறார். தொட்டிக்கும் அதுவே முறை. குறை மேற்பூச்சில் இருக்கிறதா, உள்ளே கம்பியிலும் கான்கிரீட்டிலும் இருக்கிறதா என்பதே முதற்கேள்வி. இதனை ஓரளவு நாமே கண்டறியலாம்.

முதலாவது, கசிவின் அளவு. மாலையில் தொட்டியை நிரப்பி, நீர் வரும் குழாயையும் போகும் வால்வையும் மூடி, நீர்மட்டத்தைக் கரியால் குறித்துவைக்க வேண்டும். 24 மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். நாம் மேலே கூறிய அளவுள்ள தொட்டியில் நீர் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால், போனது 30 லிட்டர். மாதத்துக்கு 900 லிட்டர்! அந்நீரின் ஒரு பகுதி தளத்துக்குள்ளும் சுவருக்குள்ளும் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் வால்வே சரியாக மூடாமல் இருக்கலாம். குழாய் இணைப்பில் ஒழுகலாம். அவ்வாறாயின் குறை பிளம்பர் தீர்க்கக்கூடியது. தொட்டியின்மேல் பழி போட வேண்டியதில்லை.

இரண்டாவது, கறையின் நிறம். விரிசலைச் சுற்றி வெண்மையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தால், நீர் கசிந்து சிமெண்டிலுள்ள சுண்ணத்தைக் கரைத்துக் கொண்டுவருகிறது என்று பொருள். மயிரிழை போன்ற நுண்ணிய விரிசல்கள் இச்சுண்ணாம்பாலேயே தாமாக அடைபட்டுவிடுவதும் உண்டு. கறை செம்பழுப்பு நிறமானால், கம்பி துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஓசை. சிறு சுத்தியலால் தொட்டியின் வெளிச்சுவரை மெல்லத் தட்டிப் பார்க்கலாம். கெட்டியான இடத்தில் கணீரென்ற ஓசை எழும். உள்ளே பிளந்துள்ள இடத்தில் பொக்கென்று ஒலிக்கும். பானை வாங்கும்போது நம் தாய்மார் செய்யும் சோதனையே இது! தொட்டியின் அடிப்புறம் ஏற்கெனவே பெயர்ந்து தொங்கினால் அதன் கீழ் நின்று தட்டக்கூடாது. அது பொறியாளரின் வேலை.

நான்காவது, விரிசலின் போக்கு. பூச்சின்மேல் வலைபோல் பரவிய மெல்லிய கீறல்கள் பெரும்பாலும் தோல் நோய். கம்பியின் போக்கிலேயே நேர்கோடாக ஓடும் விரிசலோ எலும்பு நோய். செங்கல் தொட்டியாயின் மூலைகளில் மேலிருந்து கீழாக இறங்கும் விரிசலுக்கு அஞ்ச வேண்டும். உள்ளிருக்கும் நீர் சுவர்களை வெளியே தள்ளுகிறது என்பதற்கு அது அடையாளம். அடியில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி வெளிப்பட்டிருந்தால், அல்லது தாங்கும் உத்தரத்தில் விரிசல் இருந்தால், அன்றே தொட்டியைக் காலி செய்துவிட வேண்டும். பாரத்தில் 3 டன் அப்போதே குறைந்துவிடும். கீழுள்ள அறையையும் பூட்டிவிட வேண்டும். அதன் பின்னர் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்ட வேண்டும். அவருக்குத் தரும் கட்டணத்தை வீண் செலவென்று எண்ணலாகாது.

பழுது பார்ப்பது எப்போது?

குறை தோலளவில் இருந்தால், அல்லது கம்பி ஓரிரு இடங்களில் மட்டும் மேலாகத் துருப்பிடித்திருந்தால், பழுது பார்ப்பதே அறிவுடைமை. நன்றாக இருக்கும் ஒன்றை இடிப்பது சிக்கனமாகாது.

ஆயினும் பழுது பார்ப்பதில் ஒரு பெருந்தவறு வழக்கமாக நடைபெறுகிறது. பெயர்ந்த இடத்தில் சிமெண்டைக் குழைத்துப் பூசி, சுண்ணாம்படித்துவிட்டால் வேலை முடிந்ததென்று நினைக்கிறோம். சீழ் வடிக்காமல் புண்ணை மூடுவது போன்றது இது. உள்ளே துரு வளர்ந்துகொண்டே இருக்கும். அடுத்த முறை பெயரும்போது இன்னும் பெரிய துண்டாக விழும். சரியான முறை என்னவெனில், தொட்டியைக் காலி செய்து, தளர்ந்த கான்கிரீட் முழுவதையும் கம்பியின் பின்புறம் வரை கொத்தி எடுக்க வேண்டும். கம்பியைத் தேய்த்துத் துருவை நீக்கித் துருத்தடுப்புப் பூச்சுக் கொடுக்க வேண்டும். மெலிந்துபோன கம்பிக்குத் துணையாகப் புதுக்கம்பி சேர்க்க வேண்டுமா என்பதைப் பொறியாளர் கூறுவார். பின்னர் பழையதோடு புதியது ஒட்டுவதற்கான பசைக்கலவை பூசி, பாலிமர் கலந்த காரையால் நிரப்பி, பல நாள்கள் ஈரம் காயாமல் நீராற்ற வேண்டும். உட்புறத்தில் பூசும் நீர்ப்புகாப் பூச்சு குடிநீருக்கு உகந்தது என்று குறிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். தாரும் சாதாரண வண்ணமும் குடிநீர்த் தொட்டிக்குள் கூடாது.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம். மூடிய தொட்டிக்குள் காற்றோட்டம் குறைவு. பூச்சுகளின் ஆவியோ பிராணவாயுக் குறைவோ மனிதரை மயங்கச் செய்துவிடும். எல்லா மூடிகளையும் திறந்து நெடுநேரம் காற்றாட விட்ட பிறகே ஆள் இறங்க வேண்டும். வெளியே ஒருவர் காவலிருக்க வேண்டும். ஈரத் தொட்டிக்குள் மின்கம்பியோடு கூடிய விளக்கைக் கொண்டுபோகலாகாது; பேட்டரி விளக்கே தகும். கூலிக்கு வருபவரும் ஒரு குடும்பத்தின் தலைவரல்லவா?

மாற்றுவது எப்போது?

ஒவ்வோர் ஆண்டும் ஒட்டுப்போடும் நிலை வந்துவிட்டால் மாற்றுவதைப் பற்றி எண்ண வேண்டும். பிளாஸ்டிக் தொட்டிகள் இன்று எங்கும் கிடைக்கின்றன. 1970-களின் நடுவில் குஜராத்தின் கலோலில் அவற்றைச் செய்யத் தொடங்கிய நிறுவனத்தின் பெயராலேயே எல்லாத் தொட்டிகளையும் நாம் சின்டெக்ஸ் என்கிறோம். வாங்கும்போது ஐ.எஸ். 12701 என்ற தர முத்திரை உண்டா என்று பார்க்க வேண்டும்.

எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும் என்பதே இங்கு முதன்மையான கேள்வி. பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசின் குடிநீர்த் திட்டக் கணக்கு. ஐவர் உள்ள குடும்பத்துக்கு 675 லிட்டர். ஆயிரம் லிட்டர்த் தொட்டியே அவர்களுக்குப் போதும். தாத்தா காலத்தில் பத்துப் பன்னிரண்டு பேருக்காகக் கட்டிய 3,000 லிட்டர்த் தொட்டியின் கீழ் இன்று முதியோர் இருவர் மட்டும் வாழும் வீடுகள் எத்தனை! அவர்களுக்காக 7 டன் பாரத்தைத் தலைமேல் வைத்திருக்க வேண்டியதில்லை. நாள்முறை தவறித் தண்ணீர் வரும் ஊர்களில் மட்டும் இரண்டு மூன்று நாள்களுக்கான இருப்பைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

புதுத்தொட்டியைப் பழைய தொட்டியின் மூடிமேல் ஏற்றி வைப்பதை அங்கங்கே காண்கிறோம். நோயாளியின் தோளில் மூட்டையை ஏற்றுவதற்கு இது ஒப்பாகும். தளத்தின் நடுவிலும் வைக்கலாகாது. கீழே சுவரோ உத்தரமோ உள்ள இடத்தில், தொட்டியின் அடி முழுவதும் படியும்படியான சமதள மேடைமேல் வைக்க வேண்டும்.

அகற்றுவது எப்போது?

தாங்கும் உத்தரமே கெட்டிருந்தாலும், கம்பிகள் பரவலாக மெலிந்திருந்தாலும், அகற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. புதுத்தொட்டி வைத்துவிட்டோம், பழையது சும்மா இருக்கட்டும் என்று விடுவதும் தவறே. நீரின் பாரம் குறையுமேயன்றித் துரு நிற்காது. மழை நீர் அதில் தேங்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேடுவது தேங்கி நிற்கும் நல்ல நீரைத்தான். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள்களே போதும். அதன் முட்டைகளோ காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும்.

இடிப்பது கட்டுவதைவிட எளிது என்று எண்ணலாகாது. குழாய்களையும் மின்னிணைப்பையும் முதலில் துண்டிக்க வேண்டும். முதலில் மூடி, பிறகு சுவர்கள், இறுதியில் அடித்தளம் என்று மேலிருந்து கீழாகச் சிறு துண்டுகளாக உடைத்து எடுக்க வேண்டும். அடியில் தட்டி மொத்தமாகச் சாய்க்க முயல்வது உயிருக்கு உலை. இடிபாடுகளைத் தளத்தில் குவித்து வைத்தால் அந்தத் தளமே இறங்கக்கூடும். ஆகவே அன்றன்றே இறக்கிவிட வேண்டும். வேலை நடக்கும்போது கீழறைகளில் ஒருவரும் இருக்கலாகாது. தொட்டிச் சுவர் படிக்கூண்டின் கூரையையும் தாங்கிக்கொண்டிருக்கிறதா என்று முன்னதாகவே பார்த்துக்கொள்வது இன்றியமையாதது. இறக்கிய கற்களை ஏரிக்கரையிலோ வாய்க்காலிலோ கொட்டாமல், ஊராட்சி அல்லது நகராட்சி காட்டும் இடத்தில் சேர்ப்பது நம் கடமை.

குடும்பம் கூடிப் பேச வேண்டியது

செலவைக் கணக்கிடும்போது மொத்தத் தொகையை மட்டும் பார்ப்பது போதாது. அது எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்றும் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, பழுது பார்க்க ரூ. 20,000 ஆகி அது நான்கு ஆண்டுகள் தாங்கினால் ஆண்டுக்கு ரூ. 5,000. அகற்றிப் புதிது வைக்க ரூ. 45,000 ஆகி அது பதினைந்து ஆண்டுகள் உழைத்தால் ஆண்டுக்கு ரூ. 3,000. மலிவாகத் தோன்றியதே விலை மிகுந்ததாகிவிடுகிறது! இருவர் மூவரிடம் எழுத்தில் மதிப்பீடு கேட்டு வாங்கி, என்ன வேலை, என்ன பொருள், எத்தனை ஆண்டு உறுதி என்பவற்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பணத்தைவிடக் கடினமானவை சில உண்டு. அப்பா வியர்வை சிந்திக் கட்டிய தொட்டியை இடிப்பதா என்று அம்மாவின் மனம் வருந்தலாம். அவ்வருத்தத்தை எள்ளி நகையாடலாகாது. அவர் தொட்டி கட்டியது மனைவி மக்கள் நீருக்கு அலையாமல் நலமாக வாழ வேண்டும் என்பதற்காகவே. அந்த நோக்கத்தைக் காப்பதற்காக அந்தத் தொட்டியையே இறக்க நேர்ந்தால், அது அவருக்குச் செய்யும் அவமதிப்பாகாது என்று பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். வீடு அண்ணன் தம்பியர்க்குப் பொதுவாயின், பாகம் பிரிக்கும் வரை காத்திராமல் இச்செலவை மட்டும் பகிர்ந்துகொள்ள உடன்படலாம். பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துக் கான்கிரீட் விழுவதில்லை. வாடகைக்கு இருப்பவர் கசிவைச் சொன்னால், குறை கூறுகிறாரே என்று முகம் சுளிக்காமல், எச்சரித்தாரே என்று நன்றி கூறி அன்றே ஏறிப் பார்ப்பது வீட்டுக்காரரின் கடமை. பெயர்ந்து விழுவது அவருடைய பிள்ளைகளின் தலைமேல்தானே?

அன்பார்ந்த வாசகர்களே, பழுது பார்ப்பதா, மாற்றுவதா, அகற்றுவதா என்பதற்கு எல்லா வீடுகளுக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. தோலில் நோயாயின் பழுது பாருங்கள்; ஒட்டுப் போட்டு ஓயாவிடில் மாற்றுங்கள்; எலும்பில் நோயாயின் அகற்றுங்கள். இம்மூன்றில் எதைச் செய்தாலும் நன்றே. ஒன்றும் செய்யாமல் இருப்பது மட்டும் ஆகாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன்பாக ஒரு விடுமுறை நாளில், ஒரு சிறு சுத்தியலையும் ஒரு கரித்துண்டையும் எடுத்துக்கொண்டு, வீட்டுப் பெரியவர் ஒருவர் மாடிப்படி ஏறட்டும்.